பழகின முனை

அந்த நாற்காலி வேண்டாம்மா, இதில் உட்காருங்கள். அதற்கு ஒரு கால் குட்டை. தமயந்தி அதில்தான் உட்கார்ந்து வரைவாள். ஆடிக்கொண்டே இருக்கும். அவளுக்கு அது பழகிவிட்டது. அந்தக் காலுக்கு அடியில் நான் எத்தனையோ தடவை ரப்பர் வெட்டி வைத்திருக்கிறேன். இரண்டு நாளில் காணாமல் போய்விடும். எலி இழுத்துக்கொண்டு போகிறது என்று பொறி கூட வாங்கி வைத்தேன். எலி சிக்கவே இல்லை.

நஸ்ரின்தானே உங்கள் பெயர்? பதிப்பகத்திலிருந்து சிதம்பரநாதன் சார் காலையிலேயே போன் செய்தார். அறந்தாங்கியிலிருந்து ஒரு பெண் வரும், நன்றாக வரைகிற பெண், தமயந்தி அக்கா விட்டுப்போன மூன்று பக்கத்தை அவள்தான் முடிக்கப் போகிறாள், நோட்டைக் கொடுத்தனுப்புங்கள் என்றார். அவள் வரைகிற டேப்லெட்டையும் கொடுத்தனுப்புகிறேன் என்று நான்தான் சொன்னேன். உங்களுடையது பழுதாகிவிட்டதாமே. இங்கே இது சும்மா கிடக்கிறது. சும்மா கிடந்தால் எந்தச் சாமானும் கெட்டுப்போகும்.

பேசிக்கொண்டே ஒரு தடவை துடைத்துவிடுகிறேன். ஐந்து நிமிஷ வேலை. நேற்றும் துடைத்தேன், இருந்தாலும் தூசி விழுந்திருக்கும். டீ குடியுங்கள். இல்லை, இல்லை, டம்ளரை இந்த மேசையில் வைக்காதீர்கள், அந்த ஜன்னல் கட்டையில் வையுங்கள். பதினாலு வருஷத்தில் இந்த மேசை மேல் ஒரு சொட்டு டீ சிந்தியதில்லை. சிந்த விட்டதில்லை.

நான் இதைப் பலகை என்றுதான் சொல்வேன். பார்க்கக் கறுப்புச் சிலேட்டு மாதிரி இருக்கிறது, இல்லையா? அவள் வாங்கிக்கொண்டு வந்த அன்றைக்கு, கோடு ஒன்றும் விழவில்லையே, ஏமாற்றிவிட்டார்களா என்றுதான் கேட்டேன். இதில் விழாதுங்க, எதிரே கம்ப்யூட்டரில் விழும் என்றாள். பேனாவில் மையும் கிடையாது. இங்கே கையை ஆட்டினால் அங்கே கரடியும் யானையும் வருகிறது. எனக்குக் கடைசி வரை அது ஆச்சரியம்தான். ஆனால் அங்கே என்ன வருகிறது என்பதை நான் அதிகம் பார்த்ததில்லை. அது அவள் இலாகா. இந்தப் பலகை என் இலாகா.

நான் எட்டாவது வரைதான் படித்தவன். கீழ ராஜ வீதியில் ஒரு கண்ணாடிக் கடையில் முப்பத்தெட்டு வருஷம் லென்ஸ் அறுத்துப் பொருத்தினேன். டாக்டர் சீட்டைப் பார்த்து, பிரேமுக்குத் தக்கபடி லென்ஸைத் தேய்த்து மாட்டிக் கொடுக்க வேண்டும். ஒரு கீறல் விழுந்தால் அந்த லென்ஸ் குப்பைக்குத்தான். அதனால் கீறல் என்றாலே எனக்கு ஆகாது. பஸ்ஸில் எதிரே உட்கார்ந்திருப்பவர் கண்ணாடியில் கைரேகை இருந்தால் கூட எனக்குக் கை பரபரக்கும். தமயந்தி முதல்முதலில் என் கடைக்கு வந்ததே கீறல் விழுந்த கண்ணாடியோடுதான். விளம்பரப் பலகை எழுதுகிறவருடைய மகள். அப்பாவோடு சாரத்தில் ஏறி எழுத்துக்கு வண்ணம் அடித்து, கண்ணாடியெல்லாம் பெயிண்ட். சுரண்டிச் சுரண்டி ஒரே கீறல். லென்ஸை மாற்றியே ஆக வேண்டும் என்றேன். "இதுலயே நல்லாத்தான் தெரியுது, விடுங்க" என்றாள். நான் விடவில்லை. மாற்றிக் கொடுத்தேன்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. இதைச் சொன்னதும் எல்லாரும், அதனால்தான் குழந்தைகளுக்குப் படம் போட்டார்களா என்று முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொள்வார்கள். நீங்கள் அப்படி வைத்துக்கொள்ளவில்லை, நல்லது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அவள் பத்து வயதிலேயே படப் புத்தகப் பைத்தியம். பின்னால் அலமாரியில் பாருங்கள், மூன்றாவது தட்டு. பதினொரு புத்தகம். அவள் போட்டது இல்லை, அவளுக்குப் பிடித்தது. அவள் போட்டதெல்லாம் கீழ்த்தட்டில் இருக்கிறது. அட்டை இல்லாமல் நூல் தொங்குகிறதே, அது ஒரு நாரை தையல்காரனாக இருக்கிற கதை. பெயரே தெரியாது, அட்டை அவள் சின்ன வயதிலேயே போய்விட்டது. நாரை தன் அலகாலேயே தைக்கும். எல்லா மிருகத்துக்கும் சட்டை தைத்துக் கொடுத்துவிட்டுக் கடைசியில் தான் மட்டும் நனைந்துகொண்டு நிற்கும். அதற்குப் பக்கத்தில் நீட்டமாக இருக்கிறதே, அதில் ஒரு எழுத்து கிடையாது. ஒரு டவுன் பஸ். பக்கத்துக்குப் பக்கம் ஒரு ஆள் இறங்குவார். கடைசிப் பக்கத்தில் டிரைவர் மட்டும் இருப்பார். அவ்வளவுதான் புத்தகம். அதை எத்தனை தடவை புரட்டியிருப்பாள் என்று கணக்கே இல்லை.

எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? ஞாயிற்றுக்கிழமை.

ஞாயிறு கடை லீவு. காலையில் தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்து இந்த மேசையில் உட்காருவேன். பலகையைக் கழற்றித் துணி விரித்து அதன் மேல் வைப்பேன். முதலில் காய்ந்த துணியால் ஒரே திசையில் துடைக்க வேண்டும். வட்டமாகத் தேய்க்கக் கூடாது, தூசியே கீறிவிடும். பிறகு தண்ணீர் தொட்டுப் பிழிந்த துணி. ஸ்பிரிட் கூடவே கூடாது. இதோ இந்த மஞ்சள் துணி லென்ஸ் துடைக்கிறது, கடையிலிருந்து நான் கொண்டு வந்தது. இதையும் உங்களுக்கே தருகிறேன். பிறகு ஒயர். அடியில் செருகுகிற இடத்தில் மடங்கக் கூடாது, மடங்கினால் உள்ளே செம்பு ஒடிந்துவிடும். பேனாவில் பட்டன் இடுக்கில் அழுக்குச் சேரும். அதற்குப் பல் குத்துகிற குச்சி. எல்லாம் நானாகக் கண்டுபிடித்தது. யாரும் சொல்லித்தரவில்லை.

அந்த அரைமணி நேரமும் அவள் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஏதாவது ஒரு படப் புத்தகத்தைச் சத்தமாகப் படிப்பாள். ஐம்பது வயதுப் பொம்பளை, குரலை மாற்றி மாற்றி நாரை மாதிரியும் முயல் மாதிரியும் பேசுவாள். நான் "ம்" போட்டுக்கொண்டே துடைப்பேன். ஒரு நாள் பக்கத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தவள் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். நிமிர்ந்து பார்த்தால் கையில் அந்த பஸ் புத்தகம். "நான் வாயே திறக்கல. எதுக்குங்க ம் போடுறீங்க?" என்றாள். பிறகு தெருவில் யார் வந்தாலும் இதைச் சொல்லிக் காட்டுவாள். எழுத்தே இல்லாத புத்தகத்துக்கு ம் போட்ட மனுஷன் என்று.

நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். வேலையில் கவனமாக இருக்கிறவன் கதையில் கவனமாக இருக்க முடியாதில்லையா.

இப்போது முனைக்கு வருகிறேன். இதுதான் முக்கியம், கவனித்துக்கொள்ளுங்கள். பேனா நுனியில் ஒரு பிளாஸ்டிக் முனை இருக்கிறது. ஈர்க்குச்சியை ஒடித்த மாதிரி சின்னதாக. வரைய வரைய அது ஒரு பக்கமாகச் சாய்ந்து தேயும். தேய்ந்த முனையின் விளிம்பு பலகையைக் கீறும் என்று பெட்டியோடு வந்த காகிதத்திலேயே போட்டிருக்கிறது. அதனால் மாதத்தில் முதல் ஞாயிற்றுக்கிழமை நான் முனையை மாற்றிவிடுவேன். குறட்டால் பிடித்து நேராக இழுக்க வேண்டும், திருகக் கூடாது. புதிதையும் குறட்டால் கழுத்தில் பிடித்துச் செருகி மெல்ல அழுத்த வேண்டும். பழையதை மேசைக்கு அடியில் இருக்கிற குப்பைக் கூடையில் போட்டுவிடுவேன்.

ஒவ்வொரு மாதமும் எனக்கு ஆச்சரியமாக இருக்கும். புது முனை போட்டு முப்பது நாள்தான் ஆகியிருக்கும், எடுத்துப் பார்த்தால் உளி மாதிரி சாய்ந்து தேய்ந்திருக்கும். என்ன உழைப்பு பாருங்கள் என்று கடையில் எல்லாரிடமும் சொல்வேன். என் சம்சாரம் ஒரு மாதத்தில் ஒரு முனையைத் தின்றுவிடுகிறாள் என்பேன். மதராஸில் பெரிய பெரிய ஆர்ட்டிஸ்டுக்கெல்லாம் கூட ஒன்று நாலைந்து மாதம் வருமாம். அவளிடமே சொல்லியிருக்கிறேன். "ஆமாங்க, எனக்குக் கை கனம்" என்பாள்.

கை கனமா? கறிவேப்பிலையை உருவினால் கூட இலை கசங்காது. அவ்வளவு மெதுவான கை.

போன தை மாதம் அவளுக்கு இரண்டாவது ஆபரேஷன். திருச்சியில். இருபத்து மூன்று நாள் படுக்கை. நடுவில் நாலு நாள், துணைக்கு அவள் தங்கை வந்திருந்தாள், நான் வீட்டைப் பார்த்துவிட்டு வரலாம் என்று வந்தேன். வந்தால் எனக்கு வீட்டில் என்ன வேலை? இந்த மேசைக்குத்தான் வந்தேன். பலகையை வெயிலில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். மேலே ஒட்டியிருக்கிற தாள் முழுக்கக் கீறல். நடுவில் ஒரு பெரிய இடம் தேய்ந்து வழவழவென்று பளபளத்துக் கிடந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. இவ்வளவு கீறலை வைத்துக்கொண்டா இவள் வரைந்தாள், நான் துடைத்துத் துடைத்து என்ன பிரயோஜனம் என்று ஆகிவிட்டது. கடை முதலாளி மகனிடம் சொல்லிப் புதுத் தாள் வரவழைத்தேன். பழையதை மூலையிலிருந்து மெல்ல உரித்து, பசையெல்லாம் எடுத்து, ஒரு காற்றுக் குமிழி இல்லாமல் புதிதை ஒட்டினேன். நான் செய்த வேலைகளிலேயே நல்ல வேலை அதுதான். ஊர் முழுக்கக் கண்ணாடி மாட்டிவிட்ட என் கை, அந்த ஒரு வேலைக்காகத்தான் பழகியதோ என்று கூட நினைத்தேன்.

அவள் வீட்டுக்கு வந்த அன்றைக்கு நேரே இங்கேதான் கூட்டிக்கொண்டு வந்தேன். கண்ணை மூடு என்று கூடச் சொன்னேன், சின்னப் பிள்ளை மாதிரி. அவள் உள்ளங்கையை வைத்து இப்படி ஒரு தடவை தடவினாள். மேலிருந்து கீழே. பிறகு நடுவில் மறுபடி ஒரு தடவை.

"புதுசா இருக்கு" என்றாள்.

நான் தலையை ஆட்டினேன். "பழசு எங்கங்க?" என்றாள்.

கடைக்குக் கொண்டு போய் வெட்டி, திருகாணி வைக்கிற தட்டுக்கெல்லாம் அடியில் போட்டுவிட்டேன், நல்ல கெட்டித் தாள் என்று சொன்னேன். சரி என்றாள். என் சட்டையில் ஒட்டியிருந்த நூலை எடுத்துப் போட்டாள். அவ்வளவுதான். வேறொன்றும் சொல்லவில்லை. நீங்களே சொல்லுங்கள், வேறு ஏதாவது சொல்லியிருக்க வேண்டுமா இல்லையா?

புதுத் தாள் கொஞ்சம் சொரசொரப்பாகத்தான் இருக்கும். உங்களுக்குத் தெரியாததா. அவள் பேனாவை வைத்து இழுத்தால் சத்தம் கேட்கும், சர் சர் என்று. நடுநடுவே பேனாவை வைத்துவிட்டு மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வாள். "கை இழுக்க மாட்டேங்குது" என்றாள். உடம்பு பலவீனம், ரசம் ஊற்றிச் சாப்பிடு என்றேன். முன்னெல்லாம் நாலு நாளைக்கு ஒரு பக்கம் முடிப்பவள், எட்டு வாரத்தில் இரண்டே பக்கம் போட்டாள். பதினாறு பக்கப் புத்தகத்தில் பதிமூன்றோடு நின்றுபோனது. சித்திரை கடைசியில் போய்விட்டாள்.

இப்போது சொல்கிறேன், உங்கள் முன்னால்தான் முதல்முதலாகச் சொல்கிறேன். அந்தத் தாள்தான் அவள் கையைப் பிடித்து இழுத்தது. அவள் கை எப்படிப் போகுமோ அப்படியே தேய்ந்து வழுக்கிப் போயிருந்த இடத்தை நான் உரித்து எடுத்துவிட்டேன். இது எனக்கு அப்போது தெரியாது. டப்பாவைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

டப்பா இதோ. பல்பொடி டப்பா. பதினாறாம் நாள் காரியத்துக்கு ஆட்கள் உட்கார இடம் வேண்டும் என்று இந்த மேசையை நகர்த்தினோம். சுவருக்கும் மேசைக்கும் நடுவில் ஒரு இடுக்கு, அதில் இருந்தது. திறந்து பாருங்கள். கொட்டிவிடாதீர்கள்.

எல்லாம் முனை. எல்லாம் புதுசு. ஒன்று கூடத் தேயவில்லை.

சிக்கனக்காரி, புதிதாக எங்கேயோ வாங்கிச் சேர்த்து வைத்திருக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு கடைக்குக் கொண்டு போய்ப் பெருக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு சின்னப் பல் தடம். என் குறட்டின் தடம். அந்தக் குறட்டில் ஒரு பல் மழுங்கியது, அந்தத் தடம் வேறு யார் குறட்டாலும் விழாது. நான் மாதாமாதம் மாட்டிவிட்ட முனைகள்தான் அத்தனையும். நான் மேசையை விட்டு எழுந்து போனதும் குப்பைக் கூடையிலிருந்து பழையதை எடுத்து மாட்டிக்கொண்டு, புதிதை இந்த டப்பாவில் போட்டிருக்கிறாள். அடுத்த மாதம் நான் அதே பழைய முனையைக் கழற்றிப் பார்த்து, ஆகா என்ன உழைப்பு என்பேன். அவள் கை கனம் என்பாள்.

பேனாவிலிருந்த முனையையும் கழற்றிப் பார்த்தேன். சித்திரை முதல் ஞாயிற்றுக்கிழமை நான் புது முனை மாட்டியிருந்தேன். அதற்கப்புறம் அவள் பேனாவைத் தொட்டதே நாலைந்து தடவைதான் இருக்கும், எழுந்து உட்காரவே முடியவில்லை. பேனாவில் இருந்தது பழசு. சாய்ந்து தேய்ந்த பழசு. அந்த நிலையிலும் குனிந்து கூடையில் கை விட்டிருக்கிறாளம்மா.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

எனக்கு அதுதான் ஆறவில்லை. அவள் போனது கூட விதி என்று விட்டுவிடுவேன். பதினாலு வருஷம் ஒரே வீட்டில், ஒரே மேசையில், "ஏங்க, பழசுதான் எனக்குக் கைக்கு வருது, மாத்தாதீங்க" என்று ஒரு வார்த்தை. நான் என்ன அடிக்கிறவனா? குரலை உயர்த்திக் கூடப் பேசினதில்லை. சொல்லியிருந்தால் விட்டிருப்பேன். அந்தத் தாளையும் தொட்டிருக்க மாட்டேன். அந்த மூன்று பக்கத்தையும் முடித்திருப்பாள். யாருக்காக வாயை மூடிக்கொண்டிருந்தாள்? சிதம்பரநாதன் சாரிடம் கேட்டேன். அக்காவுக்கு உங்கள் மேல் அவ்வளவு பிரியம் என்றார். பிரியம் இருந்தால் சொல்ல வேண்டாமா?

இல்லைம்மா, நான் நன்றாகத்தான் இருக்கிறேன். இந்த ஓரத்தில் ஒரு பிசுக்கு, போகமாட்டேன் என்கிறது.

அந்தப் பழைய தாளைத் தேடிக் கடைக்குப் போனேன். நான் ஓய்வு பெற்று ஒரு மாதம்தான் ஆகியிருந்தது, அதற்குள் எல்லாத் தட்டையும் மாற்றிவிட்டார்கள். பழசெல்லாம் முனிசிபாலிட்டி வண்டியில் போய்விட்டது என்றார்கள். யோசித்துப் பாருங்கள். இத்தனை புத்தகம் போட்டாள், காகிதத்தில் படமாக அவள் கையால் ஒரு கோடு கிடையாது. எல்லாம் கம்ப்யூட்டருக்குள். அவள் படம் வரைந்து அழுந்தின கோடு உலகத்தில் அந்தத் தாளில் மட்டும்தான் இருந்தது. நான் அதைக் கீறல் என்று நினைத்தேன்.

ஒரே ஒரு துண்டு கிடைத்தது. என் பழைய இழுப்பறையில், குறடு உருளாமல் இருக்க அடியில் போட்டது. இந்தக் கண்ணாடிக் கூட்டில் வைத்திருக்கிறேன். பார்க்கலாம். விரலால் தொடாதீர்கள். இப்படி வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும்.

கோடு ஒன்றும் இல்லை, பார்த்தீர்களா? வெறும் புள்ளி. நூற்றுக்கணக்கில் புள்ளி, ஒன்றின் மேல் ஒன்றாகக் குழியே விழுந்துவிட்டது. என்ன இது என்று எனக்கு இரண்டு நாள் புரியவில்லை. யானையின் கண்ணா, மழையா என்றெல்லாம் யோசித்தேன். பிறகு துண்டின் வளைந்த ஓரம் பலகையின் மேல் மூலைக்குப் பொருந்துவதைப் பார்த்தேன். கம்ப்யூட்டரைப் போட்டு, பேனாவை அந்த மூலையில் வைத்துப் பார்த்தேன். திரையில் அம்பு மேல் மூலைக்குப் போய் நின்றது. சேமிக்கிற இடம். எங்கள் தெருவில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. போட்டது போய்விடும் என்று அவளுக்கு ஒரே பயம். இரண்டு விசையைச் சேர்த்து அழுத்தினால் போதும் என்பார்கள், அவளுக்கு அது கைக்கு வரவில்லை. ஒவ்வொரு தடவையும் பேனாவைத் தூக்கிக்கொண்டு அந்த மூலைக்குப் போய் அழுத்திவிட்டுத் திரும்பி வருவாள்.

என் கையில் மிஞ்சினது அதுதான். அதை மட்டும் தர மாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நோட்டு அந்தத் தலையணைக்குப் பக்கத்தில் இருக்கிறது, எடுங்கள். ரோஸ் அட்டை. கதையை முதலில் அதில் எழுதிக்கொண்டுதான் படம் போடுவாள். நான் இன்னும் திறக்கவில்லை. அவள் கையெழுத்து. என்ன கதை என்று எனக்குத் தெரியும், கொஞ்சம் தெரியும். பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை படித்துக் காட்டினாள். ஒரு கரடி வரும், ஒரு அணில் வரும். அன்றைக்கு ஒயரில் ஒரு இடம் தோல் விட்டிருந்தது, நான் அதற்கு டேப் சுற்றிக்கொண்டிருந்தேன். முடித்துவிட்டு, "கேட்டீங்களா?" என்றாள். "ம்" என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் சரி என்று நோட்டை மூடிவிட்டாள். உடம்பு முடியாதவளுக்கு அதைப் படித்ததே களைப்பாக இருந்திருக்கும்.

கொடுங்கள், நானே படிக்கிறேன். ஒன்றிரண்டு எழுத்து அவளுடையது உங்களுக்குப் புரியாது. கண்ணாடியை மாற்றிக்கொள்கிறேன். ம், இதுதான்.

"காட்டில் ஒரு கரடி இருந்தது. அதனிடம் ஒரு மஞ்சள் துணி இருந்தது."

கரடிக்கு எதற்குத் துணி. குழந்தைக் கதை என்றால் இப்படித்தான்.

"கரடி எல்லாவற்றையும் துடைக்கும். இலையைத் துடைக்கும். கல்லைத் துடைக்கும். ஆமையைத் திருப்பிப் போட்டு அடியிலும் துடைக்கும். ஒரு நாள் அது அணிலின் முதுகைத் துடைத்தது. மூன்று கோடும் அழிந்துபோயிற்று. 'அப்பாடா, கீறல் எல்லாம் போயிடுச்சு' என்றது கரடி. 'ம்' என்றது அணில்."

"கரடி போனதும் அணில் வாலைச் சுண்ணாம்பில் தோய்த்தது. வளைந்து வளைந்து மறுபடியும் மூன்று கோடு போட்டுக்கொண்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கரடி துணியோடு வந்தது."

காட்டில் ஏதம்மா ஞாயிற்றுக்கிழமை.

கொஞ்சம் இருங்கள்.

இல்லை, நானே படிக்கிறேன். நான்தான் படிக்க வேண்டும். இது வரைக்கும்தான் படம் இருக்கிறது. இனிமேல் உங்கள் பக்கம். பதினாலு.

"ஒரு நாள் கரடி பாதி வழியில் திரும்பி வந்தது. அணில் கோடு போட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டது."

பதினைந்து.

"'இத்தனை நாளா ஏன் சொல்லல?' என்று கேட்டது கரடி."

பதினாறு.

"'துடைக்கிறப்ப மட்டும்தான் நீ என் பக்கத்துல உட்கார்ற' என்றது அணில்."

அவ்வளவுதான். அதற்குக் கீழே ஒன்றும் எழுதவில்லை.

சொல்லியிருக்கிறாளம்மா. பக்கத்தில் உட்கார்ந்து, குரலை மாற்றி, அணில் மாதிரியும் கரடி மாதிரியும் சொல்லியிருக்கிறாள். நான் ம் போட்டிருக்கிறேன்.

உங்கள் டீ ஆறிவிட்டது. வேறு போட்டுத் தரட்டுமா? வேண்டாமா. சரி.

ஒன்று மட்டும் கேட்கலாமா? படம் உங்கள் இஷ்டம், நான் அதில் தலையிடக் கூடாது, என் இலாகா இல்லை. ஆனால் அந்தக் கடைசிப் பக்கத்தில் கரடி அழுகிற மாதிரி போட்டுவிடாதீர்கள். குழந்தைகள் பார்ப்பார்கள். துணியைத் தூக்கி எறிகிற மாதிரியும் வேண்டாம், பாவம், அதற்கு வேறு ஒன்றும் தெரியாது. துணி கையிலேயே இருக்கட்டும். மடித்து வைத்திருக்கட்டும். துடைக்காமல் சும்மா அணிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கட்டும். நெருக்கமாக. அணில் முதுகில் மூன்று கோடும் இருக்க வேண்டும். கொஞ்சம் கோணலாக, அது தானே போட்டுக்கொண்டது இல்லையா.

பேனாவில் அவள் முனையை மாட்டியிருக்கிறேன். அதை மாற்றாதீர்கள். மழுங்கி ஒன்றுமில்லாமல் போகும் வரை அதிலேயே வரையுங்கள்.

இந்தாருங்கள் பலகை. பாதிதான் துடைத்திருக்கிறது. பரவாயில்லை, அப்படியே எடுத்துக்கொண்டு போங்கள்.